காக்கி டெய்லருக்கு ஒரு ரைபிள்

ஜெசிந்தாவை குரு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். முப்பத்துநான்கு வயதில் யாருக்குத்தான் குருவாக ஆசை இருக்கும்? பாளையங்கோட்டைக்கு வெளியே, மூடிப்போன ஒரு பஞ்சுக் கிடங்கில் அவள் ஏர் ரைபிள் சுடக் கற்றுக்கொடுத்தாள். பத்து மீட்டர் தூரம், பத்துத் தடம், எதிர்ச் சுவரில் தடத்துக்கு ஒரு காகித இலக்கு. இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி குண்டூசித் தலையைவிடச் சிறியது.

அங்கே வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசுவதில்லை. ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சுவரைப் பார்த்து நிற்கிற விளையாட்டு அது. தனியாக இருக்கத் தெரியாதவர்கள் ஒரே மாதத்தில் ஓடிவிடுவார்கள். ஓடாதவர்கள் எல்லாம் ஞானிகள் என்று அர்த்தம் இல்லை. போக இடம் இல்லாதவர்களும் அதில் உண்டு.

எழுதி ஒட்டாத சட்டம் ஒன்றும் அங்கே இருந்தது. அடுத்தவர் ரைபிளைக் கேட்காமல் தொடக் கூடாது. சுடுகிறவர் தன் உடம்புக்குப் பார்த்துப் பார்த்துத் திருகி வைத்திருப்பார். ஒரு விரல் பட்டு ஏதாவது நகர்ந்தால் ஒரு மாத உழைப்பு வீண். சொந்தக்காரர் வாயைத் திறந்து கேட்காத வரை ஜெசிந்தாவும் தொட மாட்டாள். கண்ணெதிரே தப்பாகச் சுட்டாலும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி நான்கு மாதமாக அவள் பார்த்துக்கொண்டு நின்றது வள்ளிநாயகத்தை.

வள்ளிநாயகத்துக்கு ஐம்பத்தேழு வயது. ஆறடி உயரம். ஆயுதப்படை மைதானத்துக்கு எதிரே கடை போட்டு, முப்பது வருஷமாகக் காக்கியைத் தவிர வேறு துணி தைக்காதவர். கடையைப் பூட்டிவிட்டு எங்கே போனாலும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும், கழற்ற மறந்துவிடுவார். தையல்காரர்களை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆகவே அந்தக் கிடங்கில் மாணவர்தான் மாஸ்டர், கற்றுக்கொடுக்கிறவள் வெறும் மேடம்.

அவருடைய மனைவி பிரம்மசக்தி போலீஸில் ஏட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடுப்புத் தைக்கக் கடைக்கு வந்தவள். "பொண்ணு பாக்கப் போவாங்க, இவன் அளவெடுத்தே கட்டிக்கிட்டான்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருஷம் அந்தக் கிடங்கில், ஆறாவது தடத்தில் நின்று அவள் சுட்டாள். பின்னால் கிடந்த மர பெஞ்சில் வள்ளிநாயகம் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். அவர் ரைபிளைத் தொட்டதே இல்லை.

பிரம்மசக்தி நோயில் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் போன மூன்றாவது மாதம் வள்ளிநாயகம் அவளுடைய ரைபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் கத்துக்கிடலாமா மேடம்?"

"நில்லுங்க," என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான் சேர்க்கை.

ஐந்தாவது தடத்தில் நின்றார். நான்கு மாதமாகப் பிரம்மசக்தியின் ரைபிளால் சுட்டார். குண்டுகள் இலக்கில் எங்கே படும் என்று அவருக்கும் தெரியாது, குண்டுக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

மாநிலப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மேடம், எனக்கு ஒரு ரைபிள் பாத்துச் சொல்லணும்."

"கையில இருக்கே."

"இது வேண்டாம். இது பெட்டியிலயே இருக்கட்டும். போட்டிக்கு அவ வருஷா வருஷம் போவா. இந்தத் தடவ அந்த ஹால்ல நான் நின்னு அறுபது குண்டும் சுட்டுட்டு வரணும். மார்க் என்னமும் வரட்டும். அதுக்கு வேற ரைபிள் வேணும். எது நல்ல ரைபிள்?"

"எது நல்ல சட்டை, மாஸ்டர்?"

வள்ளிநாயகம் யோசித்தார். "போடுதவனுக்குத் தக்கன."

"ம்."

"அது தெரியும் மேடம். நான் ரைபிளக் கேக்கேன்."

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து மூன்று ரைபிள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று கிளப்பினுடையது, கட்டையெல்லாம் பிள்ளைகள் கைபட்டு மினுமினுத்துப் போயிருந்தது. இன்னொன்று பல் டாக்டர் ஒருவருடையது. ஆசையாக வாங்கிவிட்டு, வர நேரமில்லாமல் யாருக்காவது கொடுக்கச் சொல்லி வைத்திருந்தார். மூன்றாவது அலுமினியத்தில் செய்தது, எடை குறைவு. கிளப்பில் படித்த பெண் ஒருத்தி சென்னைக்குப் போகும்போது விட்டுப்போனது. மூன்றும் மூன்று கம்பெனி.

இந்த வகை ரைபிளில் எல்லாமே திருகாணிதான். தோளில் பதிகிற தகட்டை நீட்டலாம், குறைக்கலாம், ஏற்றலாம், இறக்கலாம். கன்னம் சாய்கிற கட்டையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். கழுத்து, தோள், கை நீளம் என்று சட்டைக்குப் பார்ப்பதையெல்லாம் இதற்கும் பார்க்க வேண்டும்.

திருகாணிகளைத் திருகுகிற ஆலன் கீயை ஜெசிந்தா அவர் கையில் கொடுத்தாள்.

"மூணையும் உங்களுக்குத் தக்கன மாத்துங்க. ஒரு வாரம் சுடுங்க."

"எதுன்னு நீங்க சொல்லப்படாதா?"

"நான் சொன்னா அது எனக்குப் புடிச்ச ரைபிள்."

ரைபிள் தேடுகிறேன் என்று சொன்னால் போதும், ஊமையும் பேசுவான். நான்கு மாதமாக வள்ளிநாயகத்திடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் எல்லாம் அந்த வாரம் அவரைச் சுற்றி நின்றார்கள். மரக்கட்டைதான் கைக்கு இதம் என்றார் ஒரு வங்கி மேலாளர். மரம் மழைக்கு ஊதும், அலுமினியம்தான் என்றாள் ஒரு கல்லூரிப் பெண். கனமாக இருந்தால்தான் ஆடாது என்றார் ஒருவர். கனமாக இருந்தால் நாற்பதாவது குண்டுக்குக் கை ஆடும் என்றார் அவருடைய தம்பி. அண்ணனும் தம்பியும் அதோடு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. வள்ளிநாயகம் எல்லோரிடமும் தலையாட்டினார். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வீட்டில் அவர் குரலைத் தவிர வேறு குரல் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. மகன் ஓசூரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான், நாலு நிமிஷம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் மூன்று ரைபிளையும் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"மூணும் சரியில்ல மேடம்."

"மூணுமா?"

"மூணும். கழுத்து வலிக்கி. தோள்ல பட்டும் படாம நிக்கி. நாளைக்குப் படிவத்துல ரைபிள் நம்பர் எழுதணும். இல்லைன்னா விட்டுருதேன். என் வயசுக்கு இதெல்லாம் ஒரு கேடா?"

"விட்டுட்டு?"

"விட்டுட்டு என்ன? வீட்ல இருக்கேன்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. வீடு என்று அவர் சொன்னது எதை என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். பூட்டைத் திறந்தால் காலையில் மூடிவைத்த பாத்திரம் மூடியபடியே இருக்கிற இடம்.

"கிளப் ரைபிளை எடுங்க," என்றாள். "கண்ணை மூடுங்க."

ரைபிள் பொருந்துகிறதா என்று பார்க்க அவளிடம் இருந்தது அந்த ஒரு சோதனைதான். இலக்கைப் பார்த்து நின்று, ரைபிளை ஏந்தி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று மூச்சு. கண் இல்லாவிட்டால் உடம்பு யாரையும் ஏமாற்றாது. அதற்கு எங்கே சுகமோ அங்கே குழலைக் கொண்டுபோய் நிறுத்தும். பிறகு கண்ணைத் திறந்தால், பொருந்திய ரைபிளுக்கு எதிரே இலக்கு இருக்கும். பொருந்தாததற்கு எதிரே சுவர் இருக்கும்.

வள்ளிநாயகம் கண்ணைத் திறந்தார்.

"எங்க நிக்கி?"

"கீழ. ஒரு சாண் கீழ. பெயிண்ட் உரிஞ்ச எடத்துல."

"அடுத்தது."

பல் டாக்டரின் ரைபிளை எடுத்தார். மூன்று மூச்சு.

"எங்க?"

"பெயிண்ட் உரிஞ்ச எடத்துல."

அலுமினிய ரைபிளை எடுத்தார். அதற்கு அவள் கேட்கவே இல்லை. அவர் கண்ணைத் திறந்து, அவளைத் திரும்பிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார்.

ஜெசிந்தா பன்னிரண்டு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு மனிதர் மூன்று ரைபிளில் மூன்று விதமாகத் தப்புச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். மூன்றிலும் ஒரே இடத்தில் தப்புச் செய்வதை இப்போதுதான் பார்த்தாள்.

"தொடலாமா?"

"தொடுங்க மேடம்."

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு ரைபிளின் கட்டையிலும் மெல்லிய நீலக் கோடு இருந்தது. தையல்காரர்கள் துணியில் போடுகிற சாக்பீஸ் கோடு.

"டேப்பைக் குடுங்க."

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஜெசிந்தா கிளப் ரைபிளின் விசையில் இருந்து தோள்தகடு வரை பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டரை இஞ்ச். பல் டாக்டரின் ரைபிளுக்கும் பன்னிரண்டரை. அலுமினிய ரைபிளுக்கும் அதேதான். கன்னக்கட்டையின் உயரமும் மூன்றிலும் நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தது. முப்பது வருஷத் தொழிலின் கை.

"ஆறடி ஆளு நீங்க. இது யாரு அளவு, மாஸ்டர்?"

வள்ளிநாயகம் சுவரோரம் இருந்த பிரம்மசக்தியின் பெட்டியைப் பார்த்தார். ஜெசிந்தாவும் பார்த்தாள். அதைத் திறந்து அளக்க வேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை.

"அதுல இருந்துதான் எடுத்தேன்," என்றார்.

"உங்களுக்குத் தக்கனன்னுல்லா சொன்னேன்."

"என் அளவு எனக்குத் தெரியாது மேடம்."

ஊரில் பாதிப் போலீஸின் நெஞ்சும் இடுப்பும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் அப்படிச் சொன்னார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"தையக்காரன் தன் அளவத் தானே எடுக்க முடியாது மேடம். கையத் தூக்குனா தோள் ஏறிரும். குனிஞ்சு பாத்தா இடுப்பு மாறிரும். டேப்போட அந்த முனைய யாராவது புடிக்கணும். அவதான் புடிப்பா. வருஷத்துக்கு ஒருக்க, பொங்கலுக்கு முன்ன. 'மூச்ச இழுக்காதீங்க, தொப்பைய எங்க கொண்டு ஒளிக்கப் போறீங்க'ம்பா."

"இந்தப் பொங்கலுக்கு?"

"தைக்கல."

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரி," என்றாள் ஜெசிந்தா. "அந்தப் பெட்டியில இருக்கறதையே உங்களுக்குத் தக்கன திருகிட்டாப் போதும். நல்ல ரைபிள். அத விட்டுட்டு ஏன் வேற தேடுதீங்க?"

வள்ளிநாயகம் மேஜை மேல் கிடந்த ஒரு ஈயக் குண்டை எடுத்து விரலில் உருட்டினார்.

"நாலு மாசமா நான் இங்க சுடுததுக்கா வந்தேன்? அதுல அவ கன்னம் சாய்ச்ச எடத்துல நானும் சாய்க்கணும், அதுக்குத்தான் வந்தேன். வீட்ல அவ உடுப்பு இருக்கு. எல்லாம் துவைச்சு மடிச்சது. ஒண்ணுலயும் அவ இல்ல மேடம். மோந்து பாத்தாலும் சோப்பு வாசம்தான். இதுல மட்டும் அவ கழுத்து இருக்கு. கை நீளம் இருக்கு. அவ எவ்வளவு தூரத்துல நின்னான்னு இருக்கு. அந்தத் திருகாணியத் திருகுனா அதும் போயிரும்."

சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெசிந்தா எழுந்து அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில் இருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தாள். சுடுகிற எல்லோரும் அப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். அன்றைய தகட்டு நீளம், கட்டை உயரம், ஒவ்வொரு குண்டுக்கும் தசமப் புள்ளியோடு மதிப்பெண், உச்சம் 10.9, குண்டு தவறினால் காரணம். பிரம்மசக்தியின் நோட்டை யார் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜெசிந்தாவே வைத்திருந்தாள். அது உண்மை. கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தாள் என்பதும் உண்மை. ஆறாவது தடத்தையும் அவள் இந்த ஏழு மாதத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை.

"பாருங்க," என்று அவர் முன்னால் வைத்தாள்.

வள்ளிநாயகம் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிரம்மசக்தியின் கையெழுத்து காவல் நிலையப் பதிவேட்டில் எழுதுவது போல நிமிர்ந்து நின்றது. பக்கத்துக்குப் பக்கம் மேல்வரியில் அளவு.

முதல் பக்கத்தில் தகடு நீளம் பதின்மூன்று. அடுத்த பக்கத்தில் பதின்மூன்றேகால். மார்கழியில் உள்ளே கம்பளிச் சட்டை போட்டதால் பன்னிரண்டே முக்கால். தை மாதம் மறுபடி பதின்மூன்று. கன்னக்கட்டை ஒரு வாரம் ஏறியது, மறு வாரம் இறங்கியது. இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் ஒரே அளவு இல்லை.

கீழே தவறிய குண்டுகளுக்குக் காரணம் எழுதியிருந்தாள்.

'பின்னால் டிபன் டப்பா திறந்த சத்தம். 7.9.'

'அவர் இருமினார். 8.4. அடுத்தது கோபத்தில் 10.6.'

'அவர் வரவில்லை. நல்ல அமைதி. எல்லாம் ஒன்பது, ஒரு பத்துகூட இல்லை.'

வள்ளிநாயகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார்.

"பதினோரு வருஷம் சத்தம் போடாம இருக்கணும்னு மூச்சப் புடிச்சு உக்காந்திருந்தேன் மேடம்."

"டப்பா மூடி துருப்புடிச்சிருந்துச்சு. எனக்கும் கேக்கும்."

பக்கங்களைத் தள்ளினார். போன சித்திரைக்குப் பிறகு அளவுகள் ஒரே பக்கமாக ஓடின. கை தளரத் தளர, ரைபிளைக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளத் தகட்டை உள்ளே உள்ளே தள்ளியிருந்தாள். வள்ளிநாயகத்தின் விரல் வரிவரியாக இறங்கியது.

"இந்த வாரம்தான் அவ மெலிஞ்சுட்டான்னு மொதத் தடவ உடுப்ப உள்ள புடிச்சுத் தச்சுக் குடுத்தேன். இது ரெண்டாந் தடவ. இந்தா, ஆடி பொறந்ததும்..." நிறுத்தினார்.

"எத்தன தடவ புடிச்சீங்க?"

"அஞ்சு. ஒரு தடவகூட வெட்டல மேடம். வெட்டுனா ஒழுங்கா இருக்கும், உள்ள உறுத்தாது. ஆனா வெட்டல. துணிய உள்ள மடிச்சு மடிச்சே தச்சேன். தேறி வந்தா பிரிச்சு விட்டுறலாம்னு."

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். தகடு நீளம் பன்னிரண்டரை. மூன்று குண்டு மட்டும் சுட்டிருந்தாள். காரணம் எழுதவில்லை.

அவர் அந்த எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேஜையில் இருந்த மூன்று ரைபிளிலும், சுவரோரம் பெட்டியில் இருந்ததிலும் அதே எண்தான். நிற்க முடியாத நிலையிலும் அவள் எழுந்து நின்ற அந்தக் கடைசி நாளை அவர் நான்கு ரைபிளில் பத்திரமாக வைத்திருந்தார்.

"இதுல எது அவங்க அளவு, மாஸ்டர்?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "சொல்லுங்க. அதை வச்சுப் பூட்டிருவோம். யாரும் தொட வேண்டாம்."

வள்ளிநாயகம் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு நோட்டை மூடினார்.

"எந்திரிச்சு நில்லுங்க," என்றாள் அவள்.

நின்றார். ஜெசிந்தா டேப்பை எடுத்து அவருடைய தோளில் முனையை வைத்தாள்.

"அங்க இல்ல மேடம். எலும்பு இருக்குல்லா, அது மேல. ஆங். இப்ப முழங்கை வழியா விடுங்க. இழுக்காதீங்க, சும்மா விடுங்க."

"நீங்க ஆடாம நில்லுங்க."

தோளில் இருந்து மணிக்கட்டு. கழுத்து உயரம். தாடையில் இருந்து தோள்பட்டை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, பழக்கதோஷத்தில் அவர் திருப்பிச் சொன்னார், யாருக்கோ எழுதச் சொல்கிறவர் போல. எழுத ஆள் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். ஜெசிந்தா பால்பாயிண்ட் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

நெஞ்சுக்கு டேப்பைச் சுற்றியபோது அவர் விறைத்து நின்றார்.

"மூச்ச விடுங்க மாஸ்டர்."

விட்டார். நீளமாக வந்தது. ஏழு மாதத்தில் யாரும் அவரைத் தொடவில்லை என்று அந்த மூச்சில் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவசரப்படாமல் அளந்து முடித்தாள்.

உள்ளங்கையை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"தகடு பதினாலு வரணும். கட்டை முக்கால் இஞ்ச் ஏறணும். அதான் கழுத்து வலிச்சிருக்கு." கொஞ்சம் நின்றார். "இப்பச் சொல்லுங்க மேடம். எந்த ரைபிள்?"

ஜெசிந்தா பின்னால் போய், அந்த மர பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக அவர் டப்பாவோடு உட்கார்ந்திருந்த இடத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

வள்ளிநாயகம் மேஜையைப் பார்த்தார். மூன்று ரைபிளும் நல்ல ரைபிள்தான், இப்போது அவர் அளவும் அவருக்குத் தெரியும். எதைத் திருகி வைத்தாலும் சுடலாம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சுவரோரம் போய்ப் பெட்டியைத் திறந்தார்.

சட்டைப் பையில் இருந்து நீலச் சாக்பீஸை எடுத்து, தகடு இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். கன்னக்கட்டை இருந்த இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு நிற்காது, கைபட்டால் போய்விடும். அது அவருக்குத் தெரியாததா? ஆலன் கீயை வைத்துத் திருகினார். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தியதும் ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. அவர் ஒரு நிமிஷம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு தகட்டை இழுத்தார். அவர் உள்ளங்கை பட்டு நீலக் கோடு தேய்ந்துபோனது. மறுபடி போடவில்லை.

ரைபிளைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ஐந்தாவது தடத்துக்குப் போனார்.

"ஆறுல நில்லுங்க," என்றாள் ஜெசிந்தா பெஞ்சில் இருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது தடத்தில் தரை ஓர் இடத்தில் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது, இரண்டு சின்னப் பாதங்கள் பதினோரு வருஷம் நின்ற இடம். வள்ளிநாயகம் அதில் காலை வைத்துப் பார்த்தார். அவர் பாதம் அதில் அடங்கவில்லை. கொஞ்சம் அகட்டி வைத்தார். இடுப்பை முன்னே தள்ளி, இடது முழங்கையை அதில் ஊன்றி, ரைபிளை ஏந்தினார். தகடு தோளில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தார். கழுத்து மடங்கவில்லை. கட்டை கன்னத்துக்கு வந்தது.

கண்ணை மூடினார்.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

நான்கு. ஐந்து. அவர் கண்ணைத் திறக்கவில்லை. குழல் ஆடாமல் நின்றது.

"திறங்க மாஸ்டர்."

"பயமா இருக்கு மேடம்."

"என்ன பயம்?"

"இதுல இப்ப அவ இல்ல. நேரா இருந்துட்டுன்னா?"

ஜெசிந்தா பெஞ்சில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"இருந்தா சுடணும்," என்றாள்.